76 வயது அப்பாவுக்கு ‘கேன்சர் ஊசி’ போடலாமா?

கிட்னியைத் தாக்கியிருக்கும் ரத்தக்குழாய் அழற்சிக்காக, கேன்சருக்கும் கொடுக்கப்படும் சைக்ளோபாஸ்பமைடு ஊசியை 76 வயது உடம்பு தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்ததில் அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: போட்டு ஏதாவது ஆகிவிட்டால் நாமே கெடுத்த மாதிரி ஆகுமோ, போடாமல் விட்டால் அப்பாவைக் கைவிட்ட மாதிரி ஆகுமோ. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில், நீங்கள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். அப்பாவுக்கு இரண்டு மாதமாக அசதி, பசியில்லை, 66 கிலோ இருந்தவர் 60க்கு இறங்கிவிட்டார், சாயங்காலமானால் மேல் கதகதக்கிறது. பக்கத்து டாக்டர் மூன்று முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்துவிட்டார். போன வருடச் செக்கப்பில் 1.1 இருந்த கிரியேட்டினின் (நம் ஊரில் ‘உப்பு’ என்பார்களே, அதுதான்) 2.4 ஆகி, அடுத்த மூன்று வாரத்தில் 4.6. யூரினில் ரத்தமும் புரதமும் போகிறது. ஆன்கா என்ற ரத்த டெஸ்டில் எம்.பி.ஓ (அதில் ஒரு வகை) பாசிட்டிவ், கிட்னியிலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்த்த பயாப்சியில் கிரெசென்ட். நுரையீரல் ஸ்கேனில் குறிப்பாக ஒன்றும் இல்லை. டாக்டர் ஸ்டீராய்டும் ஊசியும் ஆரம்பிக்கவேண்டும் என்கிறார், சித்தப்பா “இந்த வயசுல எதுக்கு கேன்சர் ஊசி, ஆளையே சாய்ச்சிடும், பேசாம டயாலிசிஸ் பண்ணிக்கலாம்” என்கிறார். நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சிறுநீரக மருத்துவத்தில் இருக்கிறேன், இந்த நோயோடு வந்த முதியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் அப்பாவைத் தொட்டுப் பார்க்கவில்லை, பயாப்சி ஸ்லைடையும் பார்க்கவில்லை. ஆகவே இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதற்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் என்னவென்றால், சிறிய ரத்தக்குழாய்களின் அழற்சி, வாஸ்குலைட்டிஸ். கிருமியோடு சண்டை போடவேண்டிய நம் வெள்ளை அணுக்களே, ஆன்கா என்ற எதிர்ப்புப்பொருள் தூண்டிவிட்டதும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரைத் தாக்குகின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் அப்படிப்பட்ட நுண்குழாய்ச் சுருள்கள்தான் என்பதால் அடி அங்கே பலமாக விழுகிறது. சுருள் கிழிந்து கசிந்த இடத்தில் செல்கள் பிறைநிலா வடிவில் குவிகின்றன, கிரெசென்ட் என்பது அதுதான். புதிய பிறை ஆறக்கூடும். ஆனால் சில வாரங்களில் அது தழும்பாக இறுகிவிடும், தழும்பான வடிகட்டியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. சர்க்கரை நோயில் கிட்னி பல வருடமாகத் தேயும். இதில் கணக்கு வாரக்கணக்கு. மூன்று வாரத்தில் 2.4 கிட்டத்தட்ட இரட்டிப்பானதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

வயதானவர்களுக்கு அபூர்வமாக வரும் நோய் என்று யாராவது சொன்னால் அது தப்பு. அறுபதிலிருந்து எழுபத்தைந்துக்குள்தான் இது அதிகம் தலைகாட்டுகிறது, அதிலும் எம்.பி.ஓ வகை முதியவர்களிடம் கூடுதல். ஆனாலும் கண்டுபிடிக்கத் தாமதமாவது அவர்களிடம்தான், ஏனென்றால் அசதிக்கு வயசாயிடுச்சு என்று ஒரு காரணம், கால் வீக்கத்துக்கு பிபி மாத்திரை, யூரினில் ரத்தம் வந்தால் புராஸ்டேட், இருமினால் சளி என்று ஒவ்வொன்றுக்கும் கைவசம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், 71 வயது, வரக்காப்பி நிறத்தில் யூரின் போனதைக் கல் என்று நினைத்து ஆறு வாரம் கல் கரைக்கும் கஷாயம் குடித்துவிட்டு என்னிடம் வந்தார். வந்த அன்றே கழுத்தில் ட்யூப் போட்டு டயாலிசிஸ் செய்யவேண்டியதாயிற்று, பயாப்சியில் முக்கால்வாசி தழும்பு. உங்கள் அப்பாவுக்கு 4.6-இல் பயாப்சி முடிந்துவிட்டது, அந்த வகையில் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

வைத்தியமே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை. 1958-இல் பிரிட்டனில் வால்டன் என்பவர் இதே வகையைச் சேர்ந்த நோய் ஒன்றைத் தொகுத்துப் பார்த்தபோது 82 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்திருந்தார்கள், சராசரி ஆயுள் ஐந்து மாதம். எழுபதுகளில் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் ஃபாசியும் உல்ஃபும் (கொரோனா சமயத்தில் டிவியில் வந்த அதே ஃபாசி) சைக்ளோபாஸ்பமைடை ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்த பிறகுதான் இந்தக் கதை மாறியது. ஆனால் அவர்கள் மருத்துவம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நடுவயதுக்காரர்கள். தினசரி மாத்திரை, ஒரு வருடத்துக்கு மேல். அந்த அளவை அப்படியே தூக்கி எழுபத்தைந்து வயதுக்காரருக்குக் கொடுத்தபோது உங்கள் சித்தப்பா பயப்படுவது பலமுறை நடந்திருக்கிறது.

ஆமாம், சித்தப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் நடந்த நான்கு ஆய்வுகளில் இருந்த 524 நோயாளிகளின் கணக்கை ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியிட்டார்கள். முதல் வருடத்தில் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் பதினொரு பேர். அப்படி இறந்தவர்களில் நோயின் வீரியத்தால் போனவர்கள் 14 சதவீதம்தான், மருந்தின் விளைவுகளால், முக்கியமாக நோய்த்தொற்றால், போனவர்கள் 59 சதவீதம். இந்தக் கணக்கை நான் என் ஜூனியர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன். நோய் அடங்கிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது நிமோனியா வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். வயதும் கிட்னி பழுதும் சேர்ந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. ஆனால் இதிலிருந்து ‘வேண்டாம்’ என்ற முடிவுக்குப் போக முடியாது, ‘குறைத்துக் கொடு, கூடவே காவல் போடு’ என்ற முடிவுக்குத்தான் போக முடியும். எண்பது தாண்டியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில்கூட, மருந்து எடுத்தவர்களுக்குக் கிட்னி நிரந்தரமாகப் போவது கணிசமாகக் குறைந்திருந்தது.

குறைப்பது என்றால் எவ்வளவு? ஐரோப்பிய வழக்கத்தில் இளையவர்களுக்கு ஒரு ஊசிக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். எழுபது வயதைத் தாண்டினால் அதில் 5 குறையும், கிரியேட்டினின் சுமார் 3.4-க்கு மேல் போயிருந்தால் இன்னொரு 2.5 குறையும். உங்கள் அப்பாவின் 60 கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள்: வாலிபராக இருந்திருந்தால் 900 மில்லிகிராம், இப்போது 450, சரிபாதி. இதற்கு ஏறக்குறைய சமமான அளவை, ஊசிக்கு 500 என்று நிலையாக வைத்து, பிரான்சில் 65 வயதுக்கு மேற்பட்ட 104 பேரிடம் சோதித்தார்கள், ஸ்டீராய்டையும் சுமார் ஒன்பது மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடத்தில் கடுமையான பக்கவிளைவுகள் வழக்கமான முறையில் 78 சதவீதம், குறைத்த முறையில் 60. நோய் அடங்கியதில் பெரிய வித்தியாசம் இல்லை. நோய் திரும்ப வந்தது குறைத்தவர்களிடம் கொஞ்சம் அதிகம், 44 சதவீதம், வழக்கமான முறையில் 29, ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அதை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. எனக்குக் கேட்டால், திரும்ப வந்தால் திரும்ப வைத்தியம் செய்துகொள்ளலாம், நிமோனியாவில் போனவரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கேன்சர் ஊசி என்ற பேரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். கேன்சருக்காக வந்த மருந்துதான், ஆனால் இந்த அளவுக்கு முடி மொத்தமாகக் கொட்டுவதோ விடாமல் வாந்தி எடுப்பதோ பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடுக்குப் பதிலாகப் போடக்கூடிய இன்னொரு ஊசி. இப்போது இணையத்தில் தேடினால் இதுதான் முதலில் வரும். நல்ல மருந்து, 2010-இலேயே சைக்ளோபாஸ்பமைடுக்குச் சளைத்ததில்லை என்று நிரூபணமானது, ஹைதராபாதில் தயாரான இந்திய வகை 2007-லிருந்தே கிடைப்பதால் ஒரு காலத்தில் இருந்த விலையும் இல்லை. ஆனால் அந்த முக்கியமான ஆய்வில் கிரியேட்டினின் 4-ஐத் தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லை, உங்கள் அப்பா அந்த வாசலிலேயே திரும்பியிருப்பார். இன்னொரு ஐரோப்பிய ஆய்வில் கிட்னி பாதித்தவர்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 68 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஆனால் அங்கே ரிட்டுக்சிமாபோடு இரண்டு டோஸ் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்தார்கள். கடுமையான பக்கவிளைவுகளிலும் மரணத்திலும் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, புது மருந்து என்பதால் தொற்று குறையும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. இவ்வளவு கிரியேட்டினினில் எது முந்தும் என்பதற்குத் தெளிவான தீர்ப்பு இன்னும் வரவில்லை. சிலர் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடு, சிலர் ரிட்டுக்சிமாப், சிலர் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம். உங்கள் டாக்டர் இதில் எதைச் சொன்னாலும் அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அவர் எதை அதிகம் கையாண்டிருக்கிறாரோ அதுவும் ஒரு நியாயமான காரணம்தான்.

ஸ்டீராய்டைப் பற்றித்தான் நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். எல்லோரும் ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், முதியவரை அதிகமாக வீழ்த்துவது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை என்பது என் அனுபவம். சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், சிலருக்கு இரவில் புத்தி தடுமாறிப் பேச்சு மாறும், தொடைச் சதை கரைந்து நாற்காலியிலிருந்து எழ முடியாது, தொற்றுக்குக் கதவு திறக்கும். 2020-இல் வெளிவந்த, 704 பேர் கலந்துகொண்ட பெரிய ஆய்வில் ஸ்டீராய்டை வேகமாகக் குறைத்துப் பார்த்தார்கள். உங்கள் அப்பாவின் எடைக்கு முதல் வாரம் தினம் 60 மில்லிகிராம், இரண்டாவது வாரமே 30, அதன்பின் படிப்படியாக இறக்கம். மரணத்திலோ கிட்னி செயலிழப்பிலோ நஷ்டமில்லை, முதல் வருடத்தில் கடுமையான தொற்று குறைந்தது. இந்த ஆய்வில் உங்கள் அப்பா மாதிரியானவர்கள் இருந்தார்கள், அதனால் இதை நான் தைரியமாகச் சொல்கிறேன். ஜப்பானில் 2021-இல் இன்னும் ஒருபடி போய் ஆரம்பத்திலேயே பாதி டோஸில் தொடங்கினார்கள், நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 73 வயதுக்கு மேற்பட்டவர்கள், கடுமையான பக்கவிளைவு 36.9 சதவீதத்திலிருந்து 18.8-க்கு இறங்கியது. ஆனால் அதில் கிட்னி மிக மோசமாக இருந்தவர்களைச் சேர்க்கவில்லை, அதனால் அந்தப் பாதி டோஸ் கணக்கை அப்பாவுக்கு அப்படியே போட முடியாது. முதல் மூன்று நாள் ட்ரிப்பில் ஏற்றும் பெரிய டோஸ் ஸ்டீராய்டு வழக்கத்தில் இருப்பதுதான், அதற்கு ஆதாரம் நாம் நினைப்பதைவிட மெலிது. “டாக்டர், ரெண்டாவது வாரம் ஸ்டீராய்டு எவ்வளவு இருக்கும்?” என்று மட்டும் கேளுங்கள். பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்துவிட்டு மாற்று ஏற்றுவது, செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள், செலவும் பெரிது. அதே 704 பேர் ஆய்வில் மரணத்தையும் கிட்னி செயலிழப்பையும் சேர்த்துப் பார்த்தபோது அதனால் பலன் தெரியவில்லை. பிறகு எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்ததில், கிட்னி மிக மோசமாக இருப்பவர்களுக்கு முதல் வருடத்தில் டயாலிசிஸுக்குப் போகும் வாய்ப்பு குறைகிறது, தொற்று கூடுகிறது, உயிர் பிழைப்பதில் மாற்றமில்லை என்று வந்தது. 76 வயதில், நுரையீரலில் ரத்தக்கசிவு இல்லாதபோது, நான் அதற்காகக் கடன் வாங்கச் சொல்லமாட்டேன். வேறு டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

சரி, காவல் போடுவது. நம் நாட்டில் இதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். காசநோயும் இதய வால்வில் கிருமி தங்கும் எண்டோகார்டைட்டிஸும் ஆன்கா டெஸ்டைப் பாசிட்டிவாகக் காட்டி ஏமாற்றும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் அதுதான் ஓடியது. பயாப்சி இருப்பதால் பெரும்பாலும் தெளிவாகியிருக்கும், இருந்தாலும் பிளட் கல்ச்சர், இதய எக்கோ, டிபி பரிசோதனை முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹெப்படைட்டிஸ் பி சோதனை கட்டாயம், ரிட்டுக்சிமாப் போட்டால் பழைய வைரஸ் தூக்கத்திலிருந்து எழுந்துகொள்ளும். வயல்காட்டில் வெறுங்காலோடு நடந்து பழகியவர் என்றால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழுவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு ஸ்டீராய்டைத் தொடங்குவது நல்லது, ஸ்டீராய்டில் அந்தப் புழு உடம்பு முழுக்கப் பரவும். ஒருவகைப் பூஞ்சை நிமோனியாவைத் தடுக்க கோட்ரைமாக்ஸசோல் கொடுப்பார்கள், கிட்னிக்கு ஏற்ற அளவில். அது பொட்டாசியத்தைக் கூட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் நீங்கள் செய்யவேண்டியது, கல்யாண மண்டபம், கூட்டம், சளி பிடித்த பேரக்குழந்தை, இந்த மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒதுக்கிவைப்பது. ஸ்டீராய்டில் காய்ச்சல் முகம் காட்டாமலே தொற்று வரும், அதனால் தெர்மாமீட்டரை மட்டும் நம்பாமல், மூச்சு வாங்கினாலோ திடீரென்று குழம்பிப் பேசினாலோ சாப்பாட்டைத் தள்ளினாலோ அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்குவது வேண்டவே வேண்டாம்.

‘பேசாமல் டயாலிசிஸ்’ என்ற சித்தப்பாவின் யோசனைக்கு வருவோம். டயாலிசிஸ் கிட்னியின் வேலையைச் செய்யும், நோயை அடக்காது. இன்று கிட்னியில் இருக்கும் அழற்சி நாளை நுரையீரலுக்கோ நரம்புக்கோ போகலாம். மாறாக, மருந்து ஆரம்பித்த பிறகும் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதையே தோல்வி என்று நினைக்கவேண்டாம், இரண்டு மூன்று மாதத்தில் அதிலிருந்து வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று நான்கு மாதமாகியும் கிட்னி எழவில்லை, வேறு உறுப்பில் நோயும் இல்லை என்றால், அப்போது மருந்தை நிறுத்திவிட்டு டயாலிசிஸை மட்டும் தொடர்வது சரியான முடிவு. அந்தக் கட்டத்துக்கு மேல் ஊசி போடுவது தழும்புக்கு ஊசி போடுவதுதான். ஆக, சித்தப்பா சொன்னது ஒரு நாள் சரியாகலாம், இன்றைக்கு இல்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் பாதிக்காத வடிகட்டிகள் எத்தனை என்று ஒரு எண் இருக்கும், அதைக் கேளுங்கள். கிட்னி எவ்வளவு மீளும் என்பதற்கு கிரெசென்ட் எண்ணிக்கையைவிட அது நல்ல குறி.

வயது என்ற எண்ணைவிட நான் பார்ப்பது வேறு. நோய் வருவதற்கு முந்தைய மாதம் அவர் எப்படி இருந்தார்? டீக்கடை வரை நடந்துபோய் பேப்பர் படித்துவிட்டு வந்தவரா, இல்லை படுக்கையோடு இருந்தவரா? முன்னவர் என்றால் எண்பதிலும் மருந்து கொடுப்பேன். பின்னவர் என்றால், எழுபதாக இருந்தாலும், ஸ்டீராய்டு கொஞ்சம் கொடுத்து, வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றிக் குடும்பத்தோடு பேசுவேன், அதுவும் வைத்தியம்தான். நீங்கள் எழுதியதில் டாக்டர் சொன்னது இருக்கிறது, சித்தப்பா சொன்னது இருக்கிறது, அம்மா அழுவது இருக்கிறது, அப்பா என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. அவரிடம் நோயின் பெயரையே சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லுங்கள். இந்தத் தலைமுறை ஆட்கள் நாம் நினைப்பதைவிடத் திடமாகக் கேட்டுக்கொள்வார்கள், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடப்போவதும் அவர்தான்.

அடங்கிய பிறகும் ஒன்றரை இரண்டு வருடமாவது பராமரிப்பு மருந்து இருக்கும், அதை அப்போது பேசிக்கொள்ளலாம். எம்.பி.ஓ வகை அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. இப்போதைக்கு ஒன்று: ஊசி போட்ட எட்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கும். பத்தாம் நாள் ரத்தம் எடுக்கவேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இருக்கும், பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை. வீட்டு காலண்டரில் அந்தத் தேதியை இப்போதே வட்டம் போட்டுவையுங்கள், அடுத்த ஊசிக்குப் போகும்போது அந்த ரிப்போர்ட்டையும் போன வருடத்து 1.1 ரிப்போர்ட்டையும் ஒரே கவரில் எடுத்துக்கொண்டு போங்கள்.